தந்தியும் சிந்தும் ஒரே குரலில்: கலப்பு விர்ச்சுவல் கருவி செய்ய முழுமையான வழிகாட்டி

கீயைத் தொட்டதும் கிட்டார் தந்தியை மீட்டிய சத்தம் வர வேண்டும். அரை விநாடி கழித்து, எந்த இடத்தில் மாறியது என்றே தெரியாமல் அது சிந்தசைசரின் (மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் கருவி, சுருக்கமாகச் சிந்த்) நீண்ட ஒலியாக ஆகியிருக்க வேண்டும். நாம் செய்யப்போகும் விர்ச்சுவல் கருவி, அதாவது கணினிக்குள் ஓடும் மென்பொருள் கருவி, இதுதான். கிட்டார் ஓர் உதாரணத்துக்குத்தான், செல்லோ, பியானோ, கலிம்பா என்று எதை எடுத்தாலும் வேலையின் வரிசை மாறாது.

வரிசையை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் தலைகீழாகத்தான் தொடங்குகிறார்கள்: முதலில் சிந்தில் ஒரு பிரமாண்டமான பேட் ஒலியை (நீண்டு பரவும் பின்னணி ஒலியை) செய்து, அதில் மயங்கி, அப்புறம் அதன் மேல் கிட்டார் சாம்பிளை (பதிவு செய்த ஒலித்துண்டை) வைத்துப் பார்த்து, ஒட்டவில்லை என்றதும் ரிவெர்ப்பை, அதாவது அறையின் எதிரொலியை, அள்ளி ஊற்றுகிறார்கள். கடைசியில் இரண்டு கருவிகள் ஒரே நேரத்தில் ஒலிப்பது போலத்தான் கேட்கும். சிந்தை எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம், ஆனால் பதிவு செய்த தந்தி அவ்வளவாக வளையாது. அதனால் வளையாததை முதலில் முடித்துவிட்டு, வளைவதை அதற்கு ஏற்ப வளையுங்கள்.

1. தொடங்கும் முன் தயாராக இருக்க வேண்டியவை

ஒரு கிட்டார், ஒரு கண்டென்சர் மைக், ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி), வெலாசிட்டி, அதாவது கீயை அழுத்தும் வேகம், உணரும் மிடி கீபோர்டு (எந்த கீ எவ்வளவு பலமாக என்ற தகவலைக் கணினிக்கு அனுப்புவது), ஹெட்போன். ரீப்பர் மாதிரி ஒரு பதிவு மென்பொருள். சாம்பிள்களை கீக்களில் அடுக்கி ஒலிக்க வைக்கும் சாம்பிளருக்கு இலவசமாகக் கிடைக்கும் டீசென்ட் சாம்பிளரோ, எஸ்எஃப்இசட் (சாம்பிள் கருவிகளுக்கான ஒரு கோப்பு வடிவம்) கோப்புகளைத் திறக்கும் ஸ்ஃபோர்சாண்டோவோ போதும். சிந்துக்கு சர்ஜ் எக்ஸ்டி அல்லது வைட்டல். சாம்பிளருக்கோ சிந்துக்கோ பணம் போட்டு வாங்கும் மென்பொருள் இந்த வேலைக்குக் கட்டாயமில்லை.

கான்டாக்ட் என்ற பிரபல சாம்பிளரின் இலவச பிளேயரை நம்பித் தொடங்க வேண்டாம். உரிமம் பெறாத ஒலி நூலகங்களை, அதாவது நீங்களே செய்ததையும் சேர்த்து, அது 15 நிமிடம் டெமோவாகத்தான் ஓட்டும். பாதி வேலை முடிந்த பிறகு இதைக் கண்டுபிடித்துத் திகைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் விட முக்கியம் அமைதியான அறை. மைக்கை வைத்து 10 விநாடி வெறும் அறையைப் பதிவு செய்து, சத்தத்தைக் கூட்டிக் கேளுங்கள். விசிறியோ கணினியின் இரைச்சலோ கேட்டால் அதை முதலில் சரி செய்யுங்கள். ஒரு சாம்பிளில் காதுக்கே தெரியாத இரைச்சல், நான்கு நோட்டுகளைச் சேர்த்து அழுத்தும்போது நான்கு மடங்கு சக்தியோடு, அதாவது 6 டெசிபல் கூடுதலாக வரும்.

2. எந்தப் பகுதி யாருடைய வேலை என்று முடிவு செய்தல்

ஒரு தாளில் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். முதல் 100 மில்லி விநாடி யாருடையது? நீளும் ஒலி யாருடையது? மேல் அலைவரிசை (ஒலியின் பளிச்சென்ற மேல் பகுதி) யாருடையது?

நம் கருவிக்கு விடை இப்படி: தொடக்கம் தந்திக்கு, நீட்சி சிந்துக்கு, மேல் அலைவரிசை மறுபடி தந்திக்கு. ஒரு கருவியை நம் காது அடையாளம் காண்பது பெரும்பாலும் அதன் தொடக்கத்தை வைத்துத்தான். 1987-இல் வந்த ரோலண்ட் டி-50 என்ற சிந்தசைசர் இதே உண்மையை நம்பித்தான், சிறிய சாம்பிள் ஒன்றைத் தொடக்கத்தில் வைத்து மீதியைச் சிந்தசிஸ் மூலம் உருவாக்கியது. தொடக்கம் உண்மையாக இருந்தால் மீதியையும் உண்மை என்று நம்பக் காது தயாராக இருக்கும்.

இந்தத் தாள் இல்லாமல் போனால் இரண்டு அடுக்குகளும் எல்லா வேலையையும் செய்யப் பார்க்கும். அடிதடி அங்கேதான் தொடங்குகிறது.

3. தந்தியைப் பதிவு செய்தல்

கிட்டாரின் கீழ் ஈ தந்தி மிடி எண் (மிடியில் ஒவ்வொரு நோட்டுக்கும் உள்ள எண்) 40. முதல் தந்தியின் 12-ஆம் கட்டம் 76. இடையில் மூன்று அரைச்சுரத்துக்கு ஒன்று என்று எடுத்தால் 13 நோட்டுகள் வரும். அப்போது ஒவ்வொரு சாம்பிளும் மேலும் கீழும் ஒரே ஒரு அரைச்சுரம்தான் நகர வேண்டியிருக்கும், அது ஏறத்தாழ 6 சதவீத வேக மாற்றம், காது பொறுத்துக்கொள்ளும். சோம்பலில் ஆறு அரைச்சுரத்துக்கு ஒன்று எடுத்தால் மரப்பெட்டியின் அதிர்வும் சேர்ந்து நகர்ந்து, கிட்டார் சிறியதாகவும் பெரியதாகவும் மாறி மாறிக் கேட்கும்.

ஒவ்வொரு நோட்டுக்கும் மூன்று அழுத்தம், ஒவ்வோர் அழுத்தத்துக்கும் மூன்று முறை: மொத்தம் 117 மீட்டல்கள். ஒவ்வொன்றும் 8 விநாடி, மோனோ, 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் சுமார் 135 மெகாபைட். இதற்குப் பயப்படத் தேவையில்லை.

மீட்டும் வரிசைதான் பலரும் தவறும் இடம். ஒரு நோட்டுக்கு மெதுவாக, நடுத்தரமாக, பலமாக என்று முடித்துவிட்டு அடுத்த நோட்டுக்குப் போகாதீர்கள். 13 நோட்டுகளையும் முதலில் மெதுவாகவே முடியுங்கள், அப்புறம் நடுத்தரம், அப்புறம் பலம். கை ஓர் அழுத்தத்தை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளும், ஆனால் மூன்றுக்கும் மாறி மாறித் தாவினால் அந்த நினைவு கலைந்துபோகும். கலைந்தால் பக்கத்து நோட்டுகளின் சத்தம் மேடு பள்ளமாக வரும், அதைப் பின்னால் சரி செய்ய உட்கார்ந்தால் ஒரு நாள் போய்விடும்.

உச்ச அளவு மைனஸ் 12 டெசிபல் பக்கம் இருக்கட்டும். பலமான மீட்டலுக்கு ஏற்ப கெயினை (மைக் ஒலியைப் பெருக்கும் அளவை) ஒருமுறை வைத்துவிட்டு, கடைசி வரை தொடாதீர்கள். மூன்று நோட்டுக்கு ஒருமுறை ட்யூனரைப் பாருங்கள். ஒரே நோட்டை இரண்டு தந்திகளில் வாசிக்க முடியும் என்பதால், எந்த நோட்டுக்கு எந்தத் தந்தி என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இறுதியில் தந்தியைக் கையால் அமர்த்தும் சத்தத்தை ஏழெட்டு தடவை தனியாகப் பதிவு செய்யுங்கள். கீயை விடும்போது அது தேவைப்படும்.

4. வெட்டுதலும் சுருதியும்

அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். முதலில் நகம் தந்தியில் உரசும் சிறு சிறு நெளிவுகள், அதையடுத்து நொடிப்பொழுது அமைதி, அப்புறம் திடீரென்று ஒரு செங்குத்துப் பாறை. அந்தப் பாறையின் அடியில் வெட்டி, ஒரு மில்லி விநாடி ஃபேட் இன் (ஒலி படிப்படியாக எழுவது) கொடுங்கள். உரசல் இயற்கையாக இருக்கிறதே என்று விட்டுவைத்தால், அது 20 மில்லி விநாடியைத் தின்றுவிடும். வாசிப்பவருக்கு கீ தாமதமாகப் பேசுவது போல இருக்கும். சில சாம்பிளில் வெட்டி, சிலவற்றில் விட்டால் இன்னும் மோசம், தாளமே தள்ளாடும்.

கோப்புகளைத் தனித்தனியாக நார்மலைஸ் செய்யவே கூடாது. மெதுவான மீட்டலையும் பலமான மீட்டலையும் ஒரே உயரத்துக்கு இழுத்துவிட்டால், அவ்வளவு கவனமாகப் பதிவு செய்த அழுத்த வேறுபாடு காணாமல் போகும். மெதுவானவற்றில் இரைச்சலும் சேர்ந்து எழும்பும்.

கோப்புப் பெயரில் மிடி எண், அழுத்தம், சுற்று என்ற வரிசை இருக்கட்டும்: 040_3_2 என்றால் கீழ் ஈ, பலமான மீட்டல், இரண்டாவது முறை. நடு சி என்பதைச் சில மென்பொருள்கள் சி3 என்றும் சில சி4 என்றும் அழைப்பதால், எழுத்துப் பெயரை நம்பினால் கருவி முழுதும் ஓர் ஆக்டேவ் தள்ளி உட்கார்ந்துவிடும். 60 என்ற எண்ணுக்கு அந்தக் குழப்பமே இல்லை.

சுருதியில் கொஞ்சம் பிடிவாதமாகவே இருங்கள். பலமாக மீட்டிய தந்தி சற்று உயர்ந்த சுருதியில் தொடங்கிப் பிறகு அமரும். அதனால் தொடக்கத்தை அளக்காமல் 0.5 முதல் 1.5 விநாடி வரை உள்ள பகுதியை அளந்து, பிழை 2 சென்ட்டுக்குள் (சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) வரும்படி சாம்பிளரின் ட்யூன் அளவைத் திருத்துங்கள். கிட்டார் மட்டும் என்றால் 5 சென்ட் பிழை யாருக்கும் தெரியாது. ஆனால் பக்கத்தில் சிந்த் அணு பிசகாமல் நிற்கிறது. 440 ஹெர்ட்ஸில் 5 சென்ட் என்பது 1.3 ஹெர்ட்ஸ் வேறுபாடு, அதாவது விநாடிக்கு ஒன்றேகால் முறைக்கு மேல் ஒலி ஏறி இறங்கும். மேல் ஸ்வரங்களில் (அடிப்படைச் சுருதிக்கு மேலே அதோடு சேர்ந்தே ஒலிக்கும் துணை ஒலிகளில்) அந்த ஏற்ற இறக்கம் இன்னும் வேகமாகும்.

5. சாம்பிளரில் அடுக்குதல்

வெலாசிட்டி 1 முதல் 50 வரை மெதுவானது, 51 முதல் 95 வரை நடுத்தரம், 96 முதல் 127 வரை பலமானது. இது தொடக்கப் புள்ளிதான், உங்கள் கீபோர்டின் கனத்தைப் பொறுத்து நகர்த்திக்கொள்ளுங்கள்.

அடுக்குகளுக்கு இடையே கிராஸ்ஃபேட் (ஒன்று தேயத் தேய மற்றொன்று எழுவது) வைக்க ஆசை வரும். மீட்டும் கருவிக்கு வேண்டாம். எல்லையில் இரண்டு மீட்டல்கள் ஒன்றாக ஒலித்து, இரண்டு கிட்டார் வாசிப்பது போல ஆகிவிடும். பட்டென்று மாறட்டும். அந்தப் படியை மறைக்கும் வேலையைப் பிறகு சிந்த் செய்யும், ஏனென்றால் அதன் மாற்றத்தில் படிகளே கிடையாது.

மூன்று சுற்றுகளையும் ரவுண்ட் ராபினாக, அதாவது முறை வைத்து மாறி மாறி ஒலிக்கும்படி, வையுங்கள். இல்லையென்றால் ஒரே நோட்டை வேகமாக வாசிக்கும்போது இயந்திரத் துப்பாக்கி மாதிரி கேட்கும்.

இந்தக் கட்டத்தில் நிறுத்தி, சிந்த் இல்லாமல் வெறும் கிட்டாராக அரை மணி நேரம் வாசியுங்கள். இங்கே தெரியும் குறை எதுவும் சிந்த் வந்ததும் தானாக மறையாது.

6. சிந்த் அடுக்கு

பதிவு மென்பொருளில் ஒரே மிடி சாம்பிளருக்கும் சிந்துக்கும் போகும்படி இணைத்துக்கொள்ளுங்கள். சிந்தில் உள்ள எல்லா எஃபெக்ட்டையும் அணையுங்கள். பிரிசெட்டை (தயாராக வரும் ஒலி அமைப்பை) திறக்காமல், ஒரே ஆசிலேட்டர் (அலையை உருவாக்கும் பகுதி), முக்கோண அலை, ஒரு லோபாஸ் ஃபில்டர் (ஒலியின் மேல் பகுதியை வெட்டுவது) என்று வெறுமையிலிருந்து தொடங்குங்கள்.

ஏன் இவ்வளவு எளிமை? உண்மையான தந்திக்கு விறைப்பு உண்டு. அதனால் அதன் மேல் ஸ்வரங்கள் கணக்குப்படி இருக்க வேண்டிய இடத்தைவிடச் சற்று உயர்ந்து நிற்கும். சிந்தின் அலை அப்படியல்ல, இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று அச்சு பிசகாமல் நிற்கும். அடிப்படைச் சுருதி கச்சிதமாகப் பொருந்தினாலும் மேலே இரண்டும் உரசும். ஒலி ‘கரகர’வென்று இருக்கிறதே, எங்கே தப்பு என்று பலர் மணிக்கணக்கில் தேடும் இடம் இதுதான். மேல் ஸ்வரங்கள் நிறைந்த ரம்ப அலையை முழுதாகத் திறந்து விடாமல், முக்கோண அலையை எடுத்து லோபாஸில் மேல் பகுதியை வெட்டினால், அந்த இடம் தந்திக்கு மட்டும் சொந்தமாகி உரசல் அடங்கும். தாளில் மூன்றாவது கேள்வியை எழுதியது இதற்காகத்தான்.

ஃபில்டரின் கீ டிராக்கிங்கை (நோட்டு உயர உயர ஃபில்டரும் உயரும் அமைப்பை) 100 சதவீதத்துக்கு அருகே வையுங்கள். மறந்தால் கீழ் நோட்டுகள் பளிச்சென்றும் மேல் நோட்டுகள் மங்கியும் கேட்கும்.

7. ஒட்டு

இந்தப் பகுதிக்கு மட்டும் ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். கருவி நன்றாக வருமா வராதா என்பது இங்கேதான் முடிவாகிறது.

முதலில் நேரம். தந்தியின் ஒலி தானாகவே தேயும். சிந்தின் அட்டாக்கை (ஒலி முழு அளவை எட்ட எடுக்கும் நேரத்தை) 150 மில்லி விநாடியில் தொடங்கி 600 வரை மெல்ல நீட்டிக்கொண்டே போய், தந்தி தேயத் தொடங்கும் இடத்தில் சிந்த் எழுவதைக் காதால் பிடியுங்கள். சீக்கிரம் வந்தால் மீட்டலின் கூர்மை மழுங்கும். தாமதமாக வந்தால் நடுவில் ஒரு குழி விழும், அப்புறம் சிந்த் புதிதாக வந்த ஆள் போலத் தலைகாட்டும். கீழ்த் தந்தி நெடுநேரம் ஒலிக்கும், மேல் நோட்டு சட்டென்று அடங்கும். அதனால் ஒரே அட்டாக் நேரம் எல்லா நோட்டுக்கும் பொருந்தாது. மேலே போகப் போக நேரம் குறையும்படி கீ டிராக்கிங்கோடு இணையுங்கள்.

அடுத்தது ஃபேஸ், அதாவது அலை தன் சுற்றில் எந்தப் புள்ளியில் நிற்கிறது என்பது. ஒருவர் தன் கருவியைக் கொண்டுவந்து, ஜி நோட்டு சில முறை நன்றாக வருகிறது, சில முறை உள்ளீடற்றுப் போகிறது, சாம்பிள் கெட்டுவிட்டதா என்று கேட்டார். சாம்பிளில் ஒரு குறையும் இல்லை. சிந்தின் ஆசிலேட்டர் ஒவ்வொரு முறையும் வேறு வேறு புள்ளியிலிருந்து தொடங்கிக்கொண்டிருந்தது. அந்த ஜி நோட்டின் 196 ஹெர்ட்ஸ் அலைக்கு அரைச் சுற்று என்பது சுமார் 2.5 மில்லி விநாடி. அந்த அளவு விலகி நின்றால் தந்தியின் அடிப்படை ஒலியைச் சிந்த் தின்றுவிடும், சேர்ந்து நின்றால் இரட்டிப்பாக்கும்.

இதற்கு மூன்று மருந்து உண்டு. ஆசிலேட்டர் ஒவ்வொரு நோட்டிலும் ஒரே புள்ளியிலிருந்து தொடங்கும்படி ஃபேஸ் ரீட்ரிக்கரைப் போடுங்கள், குறைந்தபட்சம் விளைவு ஒரே மாதிரி இருக்கும். அல்லது இரண்டு ஆசிலேட்டர் வைத்து ஒன்றை 4 சென்ட் மேலேயும் இன்னொன்றைக் 4 சென்ட் கீழேயும் நகர்த்துங்கள். அப்போது உறவு நகர்ந்துகொண்டே இருக்கும், எந்தக் குழியும் நிலைத்து நிற்காது. மூன்றாவதாக, ஒலி கைமாறும் இடத்தில் சிந்த் 6 டெசிபல் தாழ்ந்திருக்கட்டும். அப்போது எவ்வளவு மோசமாக மோதினாலும் 6 டெசிபல்தான் குறையும், எவ்வளவு சேர்ந்தாலும் 3.5 டெசிபல்தான் கூடும். நான் இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்தே போடுகிறேன்.

கைமாற்றம் நன்றாக அமைந்தால் இன்னொரு லாபம். சிந்த் பொறுப்பேற்றுக்கொண்ட பிறகு, தந்தி சாம்பிளின் வாலை 3 அல்லது 4 விநாடியிலேயே மெல்ல மறையச் செய்யலாம். இரைச்சல் வெளியே தெரிவது அந்த வாலில்தான். அதனால் எல்லாக் கோப்பையும் இரைச்சல் நீக்கியில் போட்டு, தண்ணீருக்குள்ளிருந்து கேட்பது போல ஆக்க வேண்டிய அவசியமே வராது.

கடைசியாக ரிலீஸ், அதாவது கீயை விட்ட பிறகு ஒலி அடங்க எடுக்கும் நேரம். தந்திக்கு 100 மில்லி விநாடி, கூடவே அமர்த்தும் சத்தம் தணிந்த அளவில். சிந்துக்கு 300-இல் தொடங்குங்கள். கீயை விட்டதும் கிட்டார் நின்று, சிந்த் மட்டும் இரண்டு விநாடி தொங்கிக்கொண்டிருந்தால் அவ்வளவு நேரம் கட்டிய ஒட்டு அங்கே பிய்ந்துவிடும். சஸ்டெயின் பெடலை அழுத்தியும் இதையே பாருங்கள், இரண்டும் ஒன்றாகப் பிடித்து ஒன்றாக விட வேண்டும்.

8. விரலுக்கு இரண்டும் பதில் சொல்ல வேண்டும்

பலமாக அழுத்தினால் தந்தியின் நிறம் மாறுகிறது. சிந்தோ சத்தத்தை மட்டும் கூட்டுகிறது. காது உடனே பிரித்துவிடும். சிந்தில் வெலாசிட்டியை ஒலி அளவைவிட ஃபில்டருக்கே அதிகமாக இணையுங்கள்.

கீபோர்டில் உள்ள சக்கரமான மாட் வீலை, அதாவது மிடி சிசி 1-ஐ, சிந்தின் பங்குக்குக் கொடுங்கள். முழுதாகக் கீழே இருந்தால் வெறும் தந்தி, மேலே போகப் போகக் கலப்பு. வாசிப்பவருக்கு இதைவிடப் பயனுள்ள ஒரு கைப்பிடி கிடையாது. இருபது கட்டுப்பாடுகளை முகப்பில் அடுக்குவதற்குப் பதில் இதை ஒன்றை மட்டும் மிருதுவாக வேலை செய்ய வையுங்கள்.

9. ஒரே அறை

இப்போதுதான் ரிவெர்ப். தந்தி மோனோ, நடுவில் நிற்கிறது. சிந்த் ஸ்டீரியோவில் விரிந்தால் இரண்டும் இரண்டு இடங்களில் நிற்கும். சிந்தைக் குறுகலாகத் தொடங்கி ஓரளவு மட்டும் விரிய விடுங்கள், 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே மோனோவாகவே இருக்கட்டும். அப்புறம் இரண்டையும் ஒரே குறுகிய ரூம் ரிவெர்ப்புக்கு அனுப்புங்கள். தனித்தனி ரிவெர்ப் போட்டால் தனித்தனி அறைகள்தான்.

10. ஒரே கோப்பாகக் கட்டுதல்

உங்கள் கணினியில் மட்டும் பயன்படுத்துவதானால் இரண்டு மென்பொருளையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். பிறருக்குக் கொடுப்பதானால் சிந்தையும் சாம்பிளாகப் பதிவு செய்து, அதே சாம்பிளருக்குள் இன்னோர் அடுக்காகச் சேருங்கள். ஃபேஸும் இதனால் நிலையாகிவிடும்.

பதிவு செய்யும் முன் சிந்தில் எல்எஃப்ஓ (ஒலியை மெதுவாக அசைத்து அதிர்வு தரும் அலை), ஃபில்டர் நகர்வு, மெதுவான அட்டாக் மூன்றையும் அணைத்துவிட்டு, அவற்றைச் சாம்பிளருக்குள் மறுபடி அமையுங்கள். அணைக்காமல் பதிவு செய்தால், சாம்பிள் மேலே நகரும் நோட்டில் அதிர்வு வேகமாகவும் கீழே நகரும் நோட்டில் மெதுவாகவும் ஆகி, ஒரு கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் நோட்டுகளில்) மூன்று வேகங்கள் கேட்கும். சிந்தைப் பொறுத்தவரை ஒவ்வோர் அரைச்சுரத்தையும் பதிவு செய்துவிடுங்கள், விரல் வலிக்கும் வேலை இல்லையே.

11. சோதனை

ஒரே வெலாசிட்டியில், கீழிருந்து மேல்வரை ஒவ்வோர் அரைச்சுரமாக மிடியில் எழுதி ஓட விடுங்கள். மூன்று நோட்டுக்கு ஒருமுறை நிறம் குதித்தால் மேப்பிங்கை (எந்தச் சாம்பிள் எந்த கீக்கு என்ற பங்கீட்டை) பாருங்கள். ஒரே நோட்டில் வெலாசிட்டி 1 முதல் 127 வரை ஏற்றிக் கேளுங்கள். 50, 95 எல்லைகளில் படி தெரிந்தால் சிந்தின் ஃபில்டர் வளைவைச் சற்று ஏற்றுங்கள்.

அப்புறம் ஒரு நோட்டை நீட்டிப் பிடித்து, ஒரு விநாடியில் சிந்தை மியூட் செய்யுங்கள். ஒலியின் உடம்பு போய்விட்டது என்று தோன்ற வேண்டும். ‘சிந்த் நின்றுவிட்டது’ என்று தோன்றினால் 7-ஆம் பகுதிக்குத் திரும்புங்கள். சத்தத்தை நன்றாகக் குறைத்து வைத்தும் ஒருமுறை கேளுங்கள், ஒட்டின் மேடு பள்ளம் மெல்லிய ஒலியில்தான் பளிச்சென்று தெரியும்.

கடைசியாக, கீபோர்டு வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் எதுவும் சொல்லாமல் கொடுத்து, அவர் கையைக் கவனியுங்கள். ஒரே நோட்டைத் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்தால் அந்த நோட்டில் ஏதோ உறுத்துகிறது, அதன் மிடி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மாட் வீல் பக்கம் அவர் கை போகவே இல்லை என்றால் வீலின் தொடக்க நிலையைப் பாதிக்கு ஏற்றி வைத்து, இன்னொருவரிடம் கொடுத்துப் பாருங்கள்.